ஏழாவது வாரம் வரை நின்ற வயல்

இங்கே கிழக்கு வெளுப்பதற்கு முன்பே மேற்கு சிவந்துவிடும். வந்த புதிதில், ஒரு குளிர்காலக் காலையில், அந்தச் சிவப்பைப் பார்த்து எங்கோ தீப்பிடித்துக்கொண்டது என்று பதறி சைக்கிளை நிறுத்தினேன். எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். வானத்தைக் கைநீட்டிக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். "டொமாட்டன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். தக்காளி. வானம் ஏன் எரிகிறது என்று கேட்டால் தக்காளி என்று பதில் சொல்கிற ஊரில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. நெதர்லாந்தின் இந்தக் கடலோரத் தாழ்நிலத்தில் மைல்கணக்கில் கண்ணாடிக் கூடங்கள். அவற்றுக்குள் விளக்கைப் போட்டுச் செடிகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சம் மேகத்தில் பட்டுத்தான் வானம் சிவக்கிறது. சூரியனுக்காகக் காத்திருக்க இவர்களுக்குப் பொறுமை இல்லை, அவசியமும் இல்லை.

என் சம்பளம் அந்தக் கண்ணாடிக் கூடங்களில்தான் இருக்கிறது. எப்போது ஜன்னல் திறக்க வேண்டும், எந்தச் செடியின் வேருக்கு எப்போது ஒரு சொட்டு இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிற மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று மதகடிக்கு ஓடிய குடவாசல் பக்கத்துப் பையன், தாகமே எடுக்காத செடிகளின் தாகத்தைக் கணினியில் சரிபார்க்கிறான். மற்ற நேரத்தில் படம் எடுக்கிறேன். மற்ற நேரம் என்று நான் சொல்வது விடியலில் கிடைக்கும் இரண்டு மணி நேரமும், ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பும்தான்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, என்னைப் போல எங்கெங்கோ குளிரில் கிடக்கிறவர்களே, சினிமாப் படம் எடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவே எனக்குக் கூசும். அலுவலகத்தில் யாரும் கேட்டால் குடும்பத்தைப் பார்க்க ஊருக்குப் போகிறேன் என்பேன். ஒரு தடவை வாய்தவறி படம் என்று சொன்னபோது, பக்கத்து மேசை அன்னெக்கே முகம் மலர்ந்து "லெய்க்க ஹாபி" என்றாள். நல்ல பொழுதுபோக்கு. அவள் மனதாரப் பாராட்டினாள். நான் மூன்று நாள் சாப்பிட்டது செரிக்காதவனைப் போலத் திரிந்தேன். சென்னையில் சினிமா நண்பர்களிடம் பேசும்போதோ, வேலை இருப்பதையே சொல்ல மாட்டேன். 'அங்கே ஒரு ப்ராஜெக்ட்' என்று மழுப்புவேன். இரண்டு இடத்திலும் பாதி ஆளை ஒளித்து வைத்துவிட்டு மீதி ஆளோடு நடமாடுவது பழகிவிட்டது.

விடுப்பில் எடுக்கிற படம் எப்படி இருக்கும்? என் படத்தில் ஒரு பெண் வாசலில் நுழையும்போது ஒரு வயது, உள்ளே போய்ச் செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கும்போது ஒரு வயது கூடியிருக்கும். போன விடுப்பில் அவள் சாய்ந்து நின்ற வேப்பமரம் இந்த விடுப்பில் இல்லை, சாலைக்காக வெட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் அது எங்கள் அம்மாவின் கதை. பிறர் வயலில் கூலிக்கு அறுத்து, கட்டுச் சுமந்து, கடைசி வரை சொந்தமாக ஒரு வரப்பு இல்லாமல் போனவள். எல்லாம் ஏதோ ஒரு வகையில் எடுத்தாகிவிட்டது. அறுப்புக் காட்சி மட்டும்தான் பாக்கி. அது இல்லாமல் படம் இல்லை.

இந்த நாட்டில் தேதி சொல்ல மாட்டார்கள், வாரத்துக்கு எண் வைத்திருக்கிறார்கள். 'இருபத்தொன்பதாவது வாரம் கடற்கரைக்குப் போகிறோம்' என்று இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிடுவார்கள். அடுத்த ஆண்டு விடுப்பையும் அப்போதே சொல்லியாக வேண்டும். அன்னெக்கேதான் எங்கள் குழுவுக்கு அதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறவள்.

"உனக்கு எந்த வாரம்?" என்று கேட்டாள்.

"அறுவடை சமயம். தையிலோ மாசியிலோ வரும். தண்ணீர் எப்போது வந்தது, மழை எப்படி என்பதைப் பொறுத்தது."

அவளுக்குப் புரியவில்லை. "அறுவடை எந்த வாரம் என்று அவர்களுக்கே தெரியாதா? உன் அக்காவிடம் சொல்லி ஒரு வாரத்தில் வைக்கச் சொல்லேன். நம் வாடிக்கையாளர்கள் எல்லாம் அப்படித்தானே வைக்கிறார்கள்?"

நான் சிரித்தேன். மேசையில் இருந்த மோரை அவள் உப்பில்லாமல் மடக்மடக்கென்று குடித்தாள். மாசி பிறக்கிற சமயமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஏழாவது வாரம் என்று ஒரு குத்துமதிப்பில் சொன்னேன். சிரித்தேனே தவிர, பிறகு அவள் சொன்னதைத்தான் செய்தேன்.

அம்மா கூலிக்கு நின்ற அதே வாய்க்கால் பாசனத்தில் என் அக்கா வசந்தா சொந்தமாக வயல் வாங்கினாள். அத்தான் மின்வாரிய வேலைக்குப் போக, வெள்ளாமை முழுக்க அவள் பொறுப்பு. தை பாதியில் போன் செய்தாள்.

"தம்பி, கதிரு பழுத்துடுச்சுடா. சேலத்து அறுப்பு மிஷின் அடுத்த வாரம் நம்ம ஊருக்குள்ள வருதாம். பேரு குடுத்துடவா?"

"அக்கா, நான் மாசி பொறந்துதான் வர முடியும். லீவ மாத்த முடியாதுக்கா."

எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"உளுந்து தெளிச்சாச்சேடா" என்றாள்.

"நல்லதுக்கா" என்றேன்.

"நல்லதா?" என்றாள். பிறகு, "அவ்வளவு அவசியமா உன் படத்துக்கு?"

"முழு வயலும் வேணும்க்கா. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் நெல்லா நிக்கணும்."

"சரி, நிக்கட்டும்."

போனை வைத்துவிட்டு நான் சந்தோஷமாக சைக்கிள் மிதித்தேன். எதிர்க்காற்றில்கூட மிதித்தேன்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அது முளைவிடுகிற சமயத்தில் மேலே நெல்லை அறுத்துவிட வேண்டும். சின்ன முளையாக இருந்தால் மிஷின் ஏறினாலும் தப்பித்துக்கொள்ளும். வெயில் பட்டதும் நிமிரும். பிறகு பனியைக் குடித்தே காய்த்துவிடும். உளுந்து தெளித்தாயிற்று என்றால் நெல்லை இனி அறுக்காமல் நிறுத்தி வைக்க முடியாது என்று அர்த்தம். அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் அவள் சொல்லவில்லை. எனக்கு உளுந்து என்றதும் வடை ஞாபகத்துக்கு வந்ததே தவிர வயல் வரவில்லை.

மாசி பிறந்து நான் போய் இறங்கியபோது, தஞ்சாவூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ரஃபி காமிராவோடு கூட வந்தான். அவனுக்கும் முகூர்த்தம் இல்லாத நாளில்தான் சினிமா. ரோட்டிலிருந்து பார்த்தபோது சுற்றிலும் எல்லா வயலும் அறுத்துக் கிடந்தது. தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டுப் பச்சை விரித்திருந்தது. அக்காவின் வயல் மட்டும் நடுவே பழுப்பாக, தலை கவிழ்ந்து, கும்பலாக நின்றது.

"அண்ணே, செட்டு போட்ட மாதிரி இருக்குண்ணே!" என்று ரஃபி துள்ளினான்.

எனக்கும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஃப்ரேம் வைத்துப் பார்க்கிற கண்ணுக்கு அந்தத் தனித்த வயல் அவ்வளவு அழகாக இருந்தது. வரப்பில் இறங்கி நெல்லை விலக்கினேன். கால் பட்ட இடத்தில் மணி உதிர்ந்தது. அடியில், வெளிச்சமே பார்க்காமல், நூல் நூலாக, வெளிறி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஏதோ முளைத்துக் கிடந்தது.

"என்னக்கா இது?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னடா கேக்குற? உளுந்துதான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. போனில் கேட்ட அந்த பஸ் ஹாரன், 'நல்லதா' என்ற அந்த ஒரு வார்த்தை, இந்தப் பாசனத்தில் இவள் வயல் மட்டும் நிற்பதைப் பார்த்துப் போவோர் வருவோர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள்.

"தெரிஞ்சுதானேடா நிறுத்தச் சொன்ன?" என்றாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இந்த வயலடியில் பிறந்தவன் உளுந்தை மறந்துவிட்டான் என்று அக்கா முன்னால் நிற்பதைவிட, தெரிந்தே செய்த சுயநலக்காரனாக நிற்பது எனக்கு அந்த நிமிஷம் சுலபமாக இருந்தது.

"ஆமாக்கா. தெரிஞ்சுதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி, வந்து சாப்புடு" என்று முன்னே நடந்தாள்.

மறுநாள் பாக்கியம் அத்தை ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவோடு கூலிக்குப் போனவர். இப்போது நூறு நாள் வேலையும் மகன் வீட்டுச் சோறும். அரிவாளைத் தேடி எடுத்துத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"வயித்துக்கு அறுத்தப்ப ஒரு பய போட்டோ புடிக்கல. மிஷின் வந்தப்பறம் வர்றாங்க பாரு, புடிக்க!" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். "ஏந்தம்பி, மூஞ்சி தெரியுமா, முதுகு மட்டுந்தானா? முதுகுதான்னா பழைய சேலையே போதும், நல்லத அழுக்காக்க வேணாம் பாரு."

"முதுகுதான் அத்தை."

"எங்க முதுகத்தான் ஊரே பாத்துருக்கே!"

அறுக்கத் தொடங்கினார்கள். முதல் பிடி அரி விழுந்த சத்தத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஒரு பெண்ணின் கையில் ரப்பர் வளையல் காமிராவில் தெரிந்துவிட்டது. அம்மா காலத்தில் அது இல்லை. "இன்னொரு தடவை எடுத்துடலாம் அத்தை" என்றேன்.

"எதை?"

"இப்ப அறுத்ததை."

அத்தை இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். "அறுத்தத எப்படிய்யா மறுபடி அறுக்குறது? பசை வாங்கிட்டு வந்து ஒட்டிக் குடு, அறுக்குறோம்."

எத்தனையோ பேரோடு படப்பிடிப்பில் நின்றிருக்கிறேன். மறுபடி எடுக்க முடியாத பொருள் ஒன்று உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் வயலில் கொஞ்சம் உள்ளே நகர்ந்தோம். வாய்க்கால் ஓரத்திலிருந்து, என் காமிராக் கோணத்துக்கு ஏற்ப வளைந்து வளைந்து, ஒரு கோணல் பட்டையாக அறுத்துக்கொண்டு போனோம். வெயில் ஏறியதும் அத்தையின் சிரிப்பு குறைந்தது. குனிந்தவர் நிமிர நேரமானது. என் அம்மா எதிலிருந்து எங்களைத் தப்பிக்கவைக்கப் பாடுபட்டாளோ அதற்குள் அவள் கூட்டாளிகளை மறுபடி குனிய வைத்து, 'இன்னும் கொஞ்சம் மெதுவா' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சத்தம் பதிவு செய்ய எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஹெட்போனை மாட்டி, மைக்கை நெல் பக்கம் திருப்பினேன். காற்றில் தாள் உரசுவது கேட்டது. அதற்கும் அப்பால், மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து, அக்காவின் குரல் மெல்லியதாக வந்தது. மிஷின் புரோக்கரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு வயல்தாண்ணே. நெல்லு உதிருதுண்ணே… ஒரத்தநாடு போயிட்டா என்னண்ணே, திரும்பி வர்ற வழியில… ஒத்த வயலுன்னு பாக்காதீங்கண்ணே… ஆமாண்ணே, என் தப்புதான். நாந்தான் வேணாம்னேன்."

யாரிடமும் கெஞ்சாமல் வயல் வாங்கியவள் அவள். ரஃபி என் தோளைத் தொட்டான். "அண்ணே, அக்கா பேசுறது உள்ள விழுது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லவா?"

"வேணாம்" என்றேன். பதிவை நிறுத்தவும் இல்லை. அந்தச் சத்தம் இப்போதும் என் கணினியில் இருக்கிறது. திறந்து கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

இரண்டு நாள் அப்படிப் போயிற்று. கோணல் பட்டை வயலின் கால்வாசிக்கு வந்தது. மூன்றாம் நாள் பெண்களுக்கு உடம்பு முடியவில்லை. நான் மீதி நெல்லை அகலமாக எடுக்க வெயில் சாயக் காத்திருந்தேன். வெயில் சாய்ந்தபோது ரோட்டில் சத்தம் கேட்டது. பெல்ட் போட்ட அறுப்பு மிஷின். திருவிடைமருதூர்ப் பக்கம் ஏதோ வேலைக்குப் போகிற வழியில் புரோக்கர் இங்கே திருப்பிவிட்டிருந்தார்.

டிரைவர் மேலே இருந்தபடியே கத்தினார். "யக்கா, எறக்கவா? இப்ப விட்டா விட்டதுதான். நான் போயிட்டே இருப்பேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, விடவா?"

அவளுடைய வயலுக்கு என்னிடம் உத்தரவு கேட்டாள். நான் அந்தக் கேள்வியிலேயே செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் அவள் தலைக்குப் பின்னால் வெயில் நெல்லின் மேல் படுத்திருந்தது. மூன்று ஆண்டுகளாக நான் தேடிய வெளிச்சம் அது.

"பத்து நிமிஷம்க்கா" என்றேன்.

அவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் என் காமிராவைப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார். "ஓகோ, ஷூட்டிங்கா? ஹீரோயின் எங்கண்ணே, காணும்?"

"இருக்கா, இருக்கா" என்று அக்கா சொன்னாள். என் படத்தில் ஒருமுறைகூட நடிக்க ஒப்புக்கொள்ளாதவள், செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தை விட்டுப்போன அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "எங்க நிக்கணும்?"

நான் கை காட்டினேன். குனிந்து அறுத்தாள். அம்மாவைப் போல அல்ல, அம்மாவேதான். இரண்டு பிடிக்கு ஒருமுறை நிமிர்ந்து, காமிராவை அல்ல, மிஷினைப் பார்த்தாள். அது போய்விடுமோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. எந்த நடிகைக்கும் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாத பயம். நான் நிறுத்தவில்லை. பத்து நிமிஷம் கடந்தும் நிறுத்தவில்லை.

"போதுமாடா?" என்று அவள்தான் கேட்டாள்.

மிஷின் இறங்கியது. மீதி வயலை இருட்டுவதற்குள் முடித்துவிட்டது. நெல் பாதிக்கு மேல் தேறியது. அது ஏறிய இடத்திலெல்லாம் நெட்டையாகிப்போன உளுந்து மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடந்தது. அக்கா ஒரு செடியைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போட்டாள். ரஃபி ட்ரைபாடை மடக்கினான்.

திரும்பி வந்த முதல் நாள் அன்னெக்கே ஆவலாகக் கேட்டாள். "அறுவடை ஏழாவது வாரத்தில் நடந்ததா?"

"நடந்தது. காத்திருந்தது."

"பார்த்தாயா!" என்று என் முதுகில் தட்டினாள். "சொன்னேன் அல்லவா, திட்டமிட்டால் முடியும்!" உண்மையாகவே எனக்காக மகிழ்ந்தாள்.

காட்சி நன்றாக வந்திருக்கிறது. அதுதான் இன்னும் அவமானம். விடியலில் எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன். அக்கா நிமிர்கிற அந்த இடத்தில், பார்த்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள் என்று தெரிகிறது. ரஃபிக்கு அனுப்பினேன். 'அண்ணே, இது போதும்ணே' என்று மட்டும் எழுதினான். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் ஒருநாள், அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அக்கா வீடியோவில் வந்தாள். வயலில் நின்றிருந்தாள். முகத்தில் வெயில்.

"தம்பி, இத பாரு" என்று போனைத் திருப்பினாள்.

வயல் முழுக்க வெடித்துப் பழுப்பாகக் கிடந்தது. நடுவே, வாய்க்கால் ஓரத்திலிருந்து வளைந்து வளைந்து, ஒரு கோணல் பட்டை மட்டும் பச்சையாக நின்றது. கையால் அறுத்த இடம். மிஷின் ஏறாத இடம். அந்த வெளிறிய நூல்கள் வெயிலைப் பார்த்து நிமிர்ந்து, பூத்து, காய்த்துக்கொண்டிருந்தன. எந்த வளைவில் எந்தக் கோணம் வைத்தேன் என்று என்னால் சொல்ல முடிந்தது.

"உன் சினிமா மட்டும் மொளச்சிருக்கு பாத்தியா!" என்று சிரித்தாள். "ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. பாக்கியம் அத்தை, 'நாங்க நடிச்ச எடம்'னு எல்லாருக்கும் காட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, நான் அன்னைக்குப் பொய் சொன்னேன். எனக்கு உளுந்து ஞாபகமே இல்லக்கா."

"தெரியும்டா. 'நல்லதுக்கா'ன்னியே, அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன்க்கா நிறுத்துன?"

"கேட்டுட்டியே" என்றாள்.

போனை அணைக்க மறந்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். படம் தலைகீழாக ஆடியது. பிறகு அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. பச்சையும் பழுப்பும் சேருகிற விளிம்போடு நடந்துகொண்டிருந்தாள். ஒரு கால் உளுந்துக்குள் பதிந்தது, ஒரு கால் வெடித்த மண்ணில் பதிந்தது. பாதி உலகம் இலையாக, பாதி உலகம் புழுதியாக, என் உள்ளங்கைக்குள் ஆடி ஆடி நகர்ந்தது. கொஞ்சம் அசையாமல் பிடி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் நடக்கிற வரைக்கும், அவள் காட்டுகிறபடியே, பார்த்துக்கொண்டிருந்தேன்.